நின்ற இடத்தில் ஓடும் என்ஜின்: நெல்லைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

வண்டி நகராது, என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் இதை ஐட்லிங் என்பார்கள். வேய்ந்தான்குளம் பஸ் நிலையம், குலவணிகர்புரம் ரயில்வே கேட், பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட வாசல்கள், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி முன்வாசல் என்று நம்மூரில் இதற்கு இடம் பஞ்சமில்லை. ஆஃப் செய்யாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் பழக்கம், மீதிப் பாதி வண்டியில் சரிசெய்யாமல் விட்ட ஏதோ ஒரு பழுது. அதனால் இங்கே உடம்பைப் பற்றிச் சொல்லும் அளவுக்குப் பேட்டரியைப் பற்றியும் ஏர் டேங்கைப் பற்றியும் சொல்லியிருக்கிறோம்.

எவ்வளவு நேரம் நின்றால் ஆஃப் செய்வது லாபம்?

சூடான என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் எரிபொருள், ஏறக்குறைய 10 நொடி ஐட்லிங்கில் போவதுதான். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் கார்களை வைத்து அளந்தபோதும் 10 நொடிக்கு மேல் நின்றால் ஆஃப் செய்வதே மேல் என்றுதான் வந்தது. ஆனால் முருகன்குறிச்சி நெரிசலில் 10 நொடிக்கு ஒருதரம் சாவியைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. அரை நிமிடத்துக்கு மேல் நிற்போம் என்று தெரிந்தால் ஆஃப், அதற்குள் நகரும் என்றால் விட்டுவிடலாம். இந்தக் கணக்கே போதும்.

"ஆஃப் பண்ணிப் போட்டால்தான் பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும்" என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை ரெண்டு முறுக்கு முறுக்கி ஸ்டார்ட் செய்த வண்டிகளில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இப்போது வரும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் தேவையான துளியை மட்டும் அளந்து விடுகின்றன.

சும்மா நிற்கும் வண்டி எவ்வளவு குடிக்கும்?

100, 125 சிசி பைக்கோ ஸ்கூட்டரோ மணிக்கு 150 முதல் 250 மில்லி. சின்ன பெட்ரோல் கார் ஏசி இல்லாமல் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், ஏசி போட்டால் ஒரு லிட்டரை ஒட்டி. பஸ், லாரி என்றால் ஒன்றரையிலிருந்து மூன்று லிட்டர் டீசல் வரை. என்ஜினின் வயது, ஏசி, ஐட்லிங் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் சுற்று) இவற்றைப் பொறுத்து இது மாறும்.

ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 2 லிட்டர். ஒரு நடைக்கு 20 நிமிடம் நிலையத்தில் நின்று ஓடுகிறது, நாளைக்கு நாலு நடை. மொத்தம் 80 நிமிடம், 2.7 லிட்டர் டீசல். வருஷத்துக்கு 300 நாள் ஓடினால் 800 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 72,000 ரூபாய். ஒரே ஒரு பஸ்ஸுக்கு, ஒரு மீட்டர்கூட நகராமல்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு வரும் என்கிறார்கள். ஒரு லிட்டரின் எடையே ஒரு கிலோவுக்குள்தானே?

வருவது உண்மைதான். டீசலில் இருக்கும் கார்பன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்கிறது, கூடுதல் எடை காற்றிலிருந்து வருவது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2.3 கிலோ. மேலே சொன்ன 800 லிட்டர் டீசலுக்கு இரண்டு டன்னுக்கு மேல் வரும்.

புகையே தெரியவில்லையே, அப்புறம் என்ன கெடுதல்?

கண்ணுக்குத் தெரிகிற புகை வண்டி ரிப்பேருக்கு அடையாளம். கறுப்பு என்றால் எரியாத டீசல்: ஏர் ஃபில்டர் அடைப்பு அல்லது இன்ஜெக்டர் கோளாறு. நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது: ரிங், வால்வ் சீல், டர்போ இவற்றைப் பார்க்க வேண்டும். சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

உடம்பைக் கெடுப்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி வீசிங்கைக் கிளப்பிவிடும். அதுவே வெயிலில் மற்ற எரிபொருள் ஆவிகளோடு சேர்ந்து ஓசோனாகவும் மாறும், நம்மூரில் வெயிலுக்குக் குறைவில்லை. பெட்ரோல் புகையில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்குவது. இவற்றோடு பிஎம் 2.5 என்னும் நுண்துகள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு, மூக்கில் தங்காது, நுரையீரலின் அடிவரை போகும். அதிலும் மிகச் சின்னவை ரத்தத்தில் கலந்து இதயம்வரை எட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கிற அதே பிரிவு. பிஎம் 2.5க்கு இந்தியாவின் வரம்பு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திச் சொன்னது 5.

ஓடுகிற வண்டியும்தான் புகை விடுகிறது. நின்று ஓடுவதை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்?

ஊர் முழுவதுக்கும் கணக்குப் போட்டால் ஓடுகிற வண்டிகளின் புகைதான் அதிகம், மறுப்பதற்கில்லை. நிற்கிற வண்டியின் சிக்கல் வேறு. ஓடும் வண்டியின் புகை காற்றில் விசிறிப் போய்விடும். நிற்கும் வண்டியின் புகை அதே இடத்தில், முழங்கால் உயரத்தில் கிளம்பி, பக்கத்தில் இருப்பவர் முகத்துக்கு நேரே குவியும். பஸ் நிலையத்தில் மேலே கூரை, இரண்டு பக்கமும் பஸ். பக்கத்து பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் புகைக்குழாய்க்கும் இடைவெளி சில அடிதான்.

தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசுகிற ஆடி மாதத்தில் கொஞ்சம் தப்பித்துக்கொள்வோம். மார்கழிக் காலையில் காற்று அசையாது, தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றுக்குள்ளேயே புகை தேங்கிவிடும். பள்ளிக்கூட வேன்கள் வரிசைகட்டுவதும் அந்த நேரத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. ஐட்லிங்கில் என்ஜின் சூடு போதாது. டீசல் வண்டியின் புகைக்குழாயில் 100 முதல் 200 டிகிரிக்குள்தான் இருக்கும். பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பல டீசல் வண்டிகளில் யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பு ஏறக்குறைய 200 டிகிரிக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதாவது, விலை கொடுத்து வாங்கிய சுத்திகரிப்புக் கருவி நிற்கும்போது அரைத்தூக்கத்தில் இருக்கிறது.

யாருக்கு அதிகம் பாதிப்பு?

குழந்தைகளுக்கு. உடல் எடைக்கு அவர்கள் உள்ளிழுக்கும் காற்று பெரியவர்களைவிட அதிகம், நுரையீரலும் வளர்ந்துகொண்டிருக்கிறது, உயரமும் புகைக்குழாய்க்கு அருகில். அடுத்து ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள்.

வெளியே சொல்லாமல் இருக்கிற இன்னொரு கூட்டம் உண்டு. பயணி அரைமணி நேரம் நின்று போய்விடுவார். டைம் கீப்பரும், பூக்கட்டி விற்கிற அம்மாவும், டீக்கடைக்காரரும், லோடுமேனும், கண்டக்டரும் நாள் முழுக்க அங்கேதான். புகைக்குழாய்க்குப் பத்தடி தள்ளிக் கடையைப் போடுவதே பெரிய வித்தியாசம். துணியைக் கட்டிக்கொள்வதால் தூசி தடுக்கப்படும், பிஎம் 2.5 தடுக்கப்படாது. என் 95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், ஆனால் கார்பன் மோனாக்சைடு உள்ளிட்ட வாயுக்களைத் தடுக்காது.

ஏசி போட்டுக் காருக்குள் தூங்கலாமா?

கூடாது. குற்றாலத்துக்கோ திருச்செந்தூருக்கோ இரவில் புறப்பட்டு வழியில் அசந்து தூங்குபவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

வண்டி ஓடும்போது புகை பின்னால் போய்விடும். நிற்கும்போது காருக்கு அடியில் சுற்றும். சைலன்சரில் ஓட்டை, இணைப்பில் கேஸ்கட் கசிவு, டிக்கி ரப்பர் கிழிசல், தரைப்பலகையில் துரு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே வரும். சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தினாலும், புகைக்குழாய் மண்மேட்டில் முட்டினாலும் அப்படித்தான். உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷனில் போட்டால் வெளிக்காற்று குறைவாக வரும் என்பது சரி, வந்தது வெளியே போகாது என்பதும் சரி. ஜன்னலை ரெண்டு இஞ்சு இறக்கிவிட்டால் போதும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, அந்த இடைவெளி வழியாகவே புகை உள்ளே வரலாம். மூடிய கார் ஷெட்டில் என்ஜினை ஓடவிடுவது இதைவிட மோசம். குளிர்ந்த என்ஜினில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூடாகிற வரை வேலையே செய்யாது, அந்த நேரத்தில் வருவதுதான் அதிக நச்சு.

அறிகுறி தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கக் கலக்கம். பயணக் களைப்பு என்று தோன்றும். காரில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் சந்தேகப்பட வேண்டும். உடனே ஆளை வெளியே தூக்கி வந்து காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்து 108க்குப் போன் செய்யுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஒன்றாகவே தெரியும். ஆஸ்பத்திரியில் முழு ஆக்சிஜன் கொடுப்பதுதான் வைத்தியம்.

தூக்கம் வந்தால் பெட்ரோல் பங்க் வளாகத்திலோ மரநிழலிலோ நிறுத்தி, என்ஜினை அணைத்து, கண்ணாடியை நன்றாக இறக்கிவிட்டுப் படுங்கள். பகல் வெயிலில் மூடிய காரில் பிள்ளையை விட்டுப் போவதும் ஆபத்து: 10 நிமிடத்தில் உள்ளே 10 டிகிரி ஏறிவிடும்.

அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் மோட்டார், பேட்டரி போய்விடாதா?

நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு நாளைக்கு ஏழெட்டு ஸ்டார்ட் கூடுவது பெரிய சுமை இல்லை. காரின் செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்தான், ஆனால் ஒரு நொடிக்குத்தான். சில நிமிட ஓட்டத்தில், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் 200 மீட்டருக்கு ஒருதரம் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் அது நடக்காது. சிக்னலில் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் கார்களுக்கு அதற்கென்றே தடித்த பேட்டரியும் பலமான செல்ஃபும் வைத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி போனால் அதே வகையைத்தான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதா பேட்டரியை வைத்தால் சீக்கிரமே படுத்துவிடும்.

நம்மூரில் பேட்டரியைக் கொல்வது ஸ்டார்ட் இல்லை, வெயில். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றி பிளேட் வெளியே தெரிந்துவிடும். மூடி திறக்கிற வகை என்றால் மாதம் ஒருதரம் பார்த்து, பிளேட்டுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் நிற்கும்படி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். தாமிரபரணித் தண்ணீரானாலும் வேண்டாம்.

பஸ் டிரைவர்கள் ஏன் ஆஃப் செய்வதே இல்லை?

டிரைவரிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார். ஒன்று, "ஆஃப் பண்ணா ஸ்டார்ட் ஆகாது, தள்ளணும்." இன்னொன்று, "ஏர் இறங்கிரும்." இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். அதனால் அவரோடு சண்டை போட்டுப் புண்ணியமில்லை. டெப்போவிலோ ஒர்க்‌ஷாப்பிலோ பார்க்க வேண்டிய வேலை அது.

ஸ்டார்ட் பிரச்சினை: பஸ்ஸில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு சேர்ந்து 24 வோல்ட். ராத்திரி நின்ற வண்டியில் மீட்டர் வைத்தால் முழு சார்ஜுக்கு 25.2 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 24.4 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 19 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது. ஓடும்போது 27.6 முதல் 28.8 வரை வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டர், பெல்ட், ரெகுலேட்டர் இவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு பேட்டரியில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவது வீண் செலவு. பழையது புதியதையும் சேர்த்து இழுத்துக் கெடுத்துவிடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் "கட்டக்" என்று மட்டும் சத்தம் போடுகிறதா? முதலில் டெர்மினலையும் சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையையும் கழற்றிப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஆப்பசோடா கலந்த வெந்நீரில் கழுவி, பிரஷ் போட்டு, முறுக்கிவிட்டு, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் பாதி வண்டிகள் சரியாகிவிடும். அப்புறம்தான் சொலினாய்டு, கார்பன் பிரஷ், புஷ். வருஷத்துக்கு எழுபதாயிரம் ரூபாய் டீசலை எரிப்பதைவிட ஒரு ஜோடி பேட்டரியும் செல்ஃப் ஓவராலும் மலிவு என்பது முதலாளிக்குப் புரியும்படி எழுதிக் காட்ட வேண்டிய கணக்கு.

ஏர் பிரச்சினை: பஸ்ஸின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. காற்றழுத்தம் ஏறாமல் பிரேக் விடாது, அதனால் ஏர் குறைவாக இருக்கும்போது என்ஜினை ஓடவிடத்தான் வேண்டும். கேள்வி, ஏன் இறங்குகிறது என்பது. ஏர் முழுசாக ஏறியதும் என்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து மீட்டரைப் பாருங்கள். கால் வைக்காமல் ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் இறங்கக் கூடாது, பிரேக்கை மிதித்துப் பிடித்தால் 3 பிஎஸ்ஐ. அதற்கு மேல் என்றால் கசிவு. சோப்புத் தண்ணீரை பிரஷால் ஹோஸ் முனை, இணைப்பு, பிரேக் சேம்பர், டேங்க் அடி வால்வ் என்று தடவிக்கொண்டே வந்தால் நுரை பொங்குகிற இடம் தெரிந்துவிடும். டேங்க் அடி வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரையும் ஆயிலையும் தினம் வெளியேற்றாவிட்டால் வால்வ் துருப்பிடித்துக் கசியும். ஆயில் நிறைய வந்தால் கம்ப்ரெசரின் ரிங் தேய்ந்திருக்கிறது. கசிவு இல்லாத பஸ் 20 நிமிடம் அணைந்து நின்றாலும் ஏர் அப்படியே இருக்கும்.

ஏர் ஏற்றுவதற்காக ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடும் வழக்கம் உண்டு. பயணிகள் ஏறிய பிறகு, கூரைக்கு அடியில் வைத்து அதைச் செய்யாமல் வெளியே வரிசையில் நிற்கும்போதே முடித்துவிடலாம்.

காலையில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு என்ஜினைச் சூடாக்க வேண்டாமா?

திருநெல்வேலியில் 20 டிகிரிக்குக் கீழே போகிற காலையை எண்ணிவிடலாம். ஆயில் அழுத்தம் சில நொடியில் ஏறிவிடும். 30 நொடி விட்டு, முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் முறுக்காமல் மெதுவாக ஓட்டினால் போதும். ஓடும்போதுதான் கியர்பாக்ஸும் டயரும் கன்வெர்ட்டரும்கூடச் சூடாகும். நின்றபடி சூடாக்கினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும், பிளக்கில் கரி பிடிக்கும்.

டர்போ வண்டியை உடனே அணைக்கக் கூடாது என்கிறார்களே?

நாலுவழிச் சாலையில் விரட்டி வந்து உடனே அணைத்தால் மட்டும். 30 நொடி முதல் ஒரு நிமிடம் போதும். ஊருக்குள் மெதுவாக வந்திருந்தால் அதுவும் வேண்டாம்.

என் டீசல் காரில் டிபிஎஃப் விளக்கு எரிகிறது. இதற்கும் ஐட்லிங்குக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு. பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர்தான் டிபிஎஃப். பிடித்த கரியை அவ்வப்போது 600 டிகிரியை ஒட்டிய சூட்டில் வண்டியே எரித்துவிடும். ஐட்லிங்கிலும் டவுன் ரத வீதி நெரிசலிலும் மட்டுமே ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைக்காது. கரி சேர்ந்து விளக்கு எரியும்.

விளக்கு எரிந்தவுடன் நாங்குநேரிப் பக்கமோ கயத்தாறு பக்கமோ நாலுவழிச் சாலையில் ஏறி, 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல், 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் 15, 20 நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். நின்றிருக்கும்போது ஐட்லிங் ஆர்பிஎம் தானாக ஆயிரத்தை எட்டி, ஃபேன் சத்தமாக ஓடி, சூடான வாடை வந்தால் கரி எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது மட்டும் அணைக்காதீர்கள், முடிந்தால் ஓட்டிக்கொண்டே இருங்கள். பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் கரியை எரிக்க உள்ளே தெளித்த டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

கரி எரியும் நேரத்தில் வைக்கோல், சருகு, காய்ந்த புல் மேல் நிறுத்தக் கூடாது. பிசான அறுவடை முடிந்த வயலோரத்தில் கவனம்.

பைக்கை ஆஃப் செய்தால் திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. அதனால்தான் ஓடவிடுகிறேன்.

அப்படியானால் சர்வீஸுக்கு விட வேண்டிய நேரம். கார்புரேட்டர் வண்டியில் பைலட் ஜெட் அடைப்பு, அழுக்கான ஏர் ஃபில்டர், பிளக் இந்த மூன்றும்தான் முதல் சந்தேகம். பிளக் இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்கு 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர், கையேட்டில் உங்கள் வண்டிக்கு உரியது இருக்கும். ஐட்லிங் ஆர்பிஎம் 1,400ஐ ஒட்டி இருக்க வேண்டும். அணையாமல் இருக்கட்டும் என்று ஸ்க்ரூவை முறுக்கி 2,000இல் வைப்பது பெட்ரோலைக் கொட்டுவது. பிஎஸ் 6 வண்டியில் பெரும்பாலும் அந்த ஸ்க்ரூவே கிடையாது. த்ராட்டில் பாடியைக் க்ளீனரால் சுத்தம் செய்து பேட்டரியைச் சோதித்தால் போதும்.

ஆஃப் செய்யும்போது கில் ஸ்விட்சோடு விட்டுவிடாமல் சாவியையும் திருப்புங்கள். சில மாடல்களில் சாவி ஆனில் இருந்தால் ஹெட்லைட் எரிந்துகொண்டே பேட்டரியை உறிஞ்சும்.

குலவணிகர்புரம் கேட் போட்டால்?

கேட் போட்டதுமே அணைத்துவிடுங்கள். ரயில் தாண்டி, கேட் தூக்கி, முன்னால் நிற்கிற வண்டிகள் நகர்ந்த பிறகு ஸ்டார்ட் செய்தாலும் நேரம் இருக்கும். ரயில் சத்தம் கேட்டதுமே எல்லாரும் ஸ்டார்ட் செய்து முறுக்கிக்கொண்டு நிற்பதில் ஒருத்தரும் ஒரு நொடி முன்னால் போனதில்லை. பஸ்ஸுக்கோ லாரிக்கோ நேர் பின்னால் பைக்கை நிறுத்தாமல் பக்கவாட்டில் ஒரு வண்டி நீளம் தள்ளி நிற்பது நல்லது.

பள்ளிக்கூட வாசலில் என்ன செய்யலாம்?

சாயங்காலம் 20 கார்கள் ஏசி போட்டுக் கால் மணி நேரம் நின்றால் 5 லிட்டர் பெட்ரோல், 11 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. கணக்கைவிட முக்கியம் அது வகுப்பறை ஜன்னலுக்கும் வெளியே வரும் பிள்ளைகளுக்கும் எவ்வளவு அருகில் நிகழ்கிறது என்பது. மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து வந்தால் காத்திருப்பே இல்லை. வகுப்புகளைப் பத்து நிமிட இடைவெளியில் விடுவது பள்ளி நிர்வாகத்தால் முடிகிற காரியம். வேன் டிரைவர்களுக்கு ஒரே ஒரு விதி போதும்: கதவு திறக்கும் முன் என்ஜின் அணைய வேண்டும், கடைசிப் பிள்ளை ஏறிக் கதவு சாத்திய பிறகுதான் ஸ்டார்ட்.

சொல்லும் விதமும் முக்கியம். "வண்டிய ஆஃப் பண்ணுங்க சார்" என்று அதட்டினால் ஏட்டிக்குப் போட்டியாகத்தான் போகும். "அண்ணாச்சி, புள்ளைக்கு வீசிங் இருக்கு, வண்டிய கொஞ்சம் ஆஃப் பண்ணிக்கிடுங்களேன்" என்றால் மறுப்பவர்கள் குறைவு.

புகைச் சான்று எடுத்திருக்கிறேன். அப்புறம் என்ன?

சான்று சொல்வது புகையின் தரத்தை, அளவை இல்லை. பிஎஸ் 6 பெட்ரோல் காரில் ஐட்லிங்கின்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கும், எரியாத ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் 200 பங்கு) மேல் போகக் கூடாது. பிஎஸ் 6 இருசக்கர வண்டிக்கு 0.5 சதவீதம், 500 பிபிஎம். டீசலுக்கு ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துப் புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கிறார்கள், ஐட்லிங்கில் வருகிற வாயுக்கள் அதில் வராது. சான்று இல்லாமல் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஐட்லிங்குக்குத் தடைச் சட்டம் இருக்கிறதா?

நேரடியாக "இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது" என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. ஆனால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு இருக்கிறது. பொது இடத்தில் நிற்கும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் என்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும். அதாவது, பஸ்ஸை ஓடவிட்டு டீ குடிக்கப் போவது சட்டப்படியே தப்பு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. உறுமும் டீசல் என்ஜின் அதைத் தாராளமாகத் தாண்டும்.

கேஸ் ஆட்டோ, சிஎன்ஜி வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கரித்துகள் மிகக் குறைவு. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் உண்டு, கேஸும் வீணாகிறது. அணைப்பதே சரி.

எங்கள் தெருவில் எவ்வளவு கெடுதல் என்று நாங்களே அளக்க முடியுமா?

கையடக்க பிஎம் 2.5 மீட்டர் ஒன்று இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூக்கு உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில், பிள்ளைகளுக்காக என்றால் இன்னும் கீழே வையுங்கள். புகைக்குழாய்க்கு நேரே நீட்டாதீர்கள். வண்டிகள் வருவதற்கு முன் 10 நிமிடம், நிற்கும்போது 10 நிமிடம், போன பின் 10 நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் குப்பை எரிந்தாலோ தோசைக்கல் புகைந்தாலோ அந்தக் கணக்கு செல்லாது. மழைக்காலக் காலையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் இந்த மீட்டர்கள் கூட்டிக் காட்டும். தனி எண்ணை நம்பாமல் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். வாயுக்களை இது காட்டாது.

பாபநாசம், காரையாறு போகும்போது?

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வண்டிகள் வரிசைகட்டும் பாதை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. செக்போஸ்ட்டில் அணைத்துவிடுங்கள். சத்தம் ஒரு காரணம். சூடான சைலன்சருக்கு அடியில் கிடக்கும் சருகு இன்னொரு காரணம். சாலையை விட்டு இறக்கி நிறுத்துகிறவர்கள் அடியில் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும்.

ஓடவிட்டே ஆக வேண்டிய வண்டிகளும் இருக்கின்றனவே?

இருக்கின்றன. நோயாளியோடு நிற்கும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, கலவை இறுகாமல் டிரம்மைச் சுற்றிக்கொண்டிருக்கும் கான்கிரீட் லாரி, பம்பை ஓட்டும் டிராக்டர். அவற்றை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. மீன், ஐஸ் ஏற்றிவரும் குளிர்பதன வண்டி வெகுநேரம் நிற்பதாக இருந்தால், அதன் யூனிட்டுக்கு மின்சார இணைப்பு வசதி இருக்கிறதா என்று பார்த்து, கடையிலேயே பிளக் போட்டுவிடலாம்.

நெல் கொள்முதல் நிலையத்தில் முறைக்குக் காத்திருக்கும் டிராக்டரும், வரப்பில் நிற்கும் கதிர் அறுக்கும் மெஷினும் இந்தப் பட்டியலில் சேராது. மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதிலிருக்கும் மணி மீட்டர் என்ஜின் ஓடினாலே ஓடும், அறுத்தாலும் அறுக்காவிட்டாலும். வயல் மாற்றும்போதும் சாப்பாட்டு நேரத்திலும் அணைத்துவிட வேண்டும் என்று வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.